நெசவிலிருந்து உணரி வரை: ஒரு பொய்க்கோலத்தின் வரலாறு

திருவனந்தபுரத்தில் பழவங்காடிக் கணபதி கோயிலை அடுத்த கிழக்குக் கோட்டைப் பகுதியும் சாலைக் கடைத்தெருவும் துணி வணிகத்துக்குப் பெயர் பெற்றவை. அங்கே விற்கப்படும் வெண்ணிறக் கைத்தறி வேட்டியையோ கசவுக் கரையிட்ட நேரியதையோ டிஜிட்டல் கேமராவில் படமெடுத்தால், சில வேளைகளில் வெண்பரப்பின் மீது இளஞ்சிவப்பும் பச்சையுமாக அலையலையான பட்டைகள் தோன்றும். துணியில் அத்தகைய நிறமும் இல்லை, அத்தகைய கோடும் இல்லை. இக்கோலத்தைப் பிரெஞ்சுச் சொல்லால் முவாரே என்பர். தமிழில் நீரலைக் கோலம் எனலாம். இதைக் கருவியின் சிறு குறையாகக் கருதி ஒதுக்குவதே வழக்கம். ஆயினும் நெசவு, அச்சு, தொலைக்காட்சி, மின்னணு உணரி என ஒவ்வொரு காலத்திலும் வேறொரு வடிவில் இது தோன்றியிருக்கிறது. புகைப்படத்தைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

பெயரே துணியிலிருந்து வந்தது. 'முகய்யர்' என்ற அரபுச் சொல் ஆட்டுமயிர்த் துணியைக் குறித்தது. அது ஆங்கிலத்தில் 'மோஹேர்' ஆகி, பிரெஞ்சில் 'முவார்' எனத் திரிந்தது. வரிவரியாக நெய்த பட்டை இரண்டாக மடித்து, ஈரமூட்டி, உருளைகளுக்கிடையே அழுத்துவர். மேல் மடிப்பின் வரிகளும் கீழ் மடிப்பின் வரிகளும் துல்லியமாகப் பொருந்துவதில்லை. எனவே சில இடங்களில் வரிகள் நசுங்கும், சில இடங்களில் நிமிர்ந்து நிற்கும். ஒளி பட்டால் நீர்ப்பரப்பு போல மின்னும். ஆக, முதல் முவாரே விரும்பிச் செய்த அழகு வேலை. ஏறத்தாழ ஒரே இடைவெளி கொண்ட இரு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது இரண்டிலும் இல்லாத மூன்றாவது வரிசை பிறக்கும் என்ற இயல்பை நெசவாளர் கைகள் முன்பே கண்டுகொண்டன.

அறிவியல் இதைப் பயன்படுத்தத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டில். 1874-இல் ராலே பிரபு, நுண்கோடுகள் கீறப்பட்ட இரு விளிம்புவிளைவுக் கீற்றணிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அகன்ற பட்டைகள் தோன்றுவதை ஆராய்ந்தார். கோடுகளின் இடைவெளியில் மிகச் சிறு பிழை இருந்தாலும் பட்டைகள் வளைந்து அதைக் காட்டிவிடும். கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டைப் பெருக்கிக் காட்டும் இப்பண்பே, பின்னாளில் பொறியியலில் திரிபுகளை அளக்கும் முவாரே முறைகளுக்கு அடிப்படையானது.

அச்சுத் தொழிலுக்கோ இது இடையூறாக வந்தது. புகைப்படத்தை அச்சிட, அதைக் குறுக்குக் கோடுகள் கீறிய கண்ணாடித் திரை வழியாகப் புள்ளிகளாக மாற்றும் ஹாஃப்டோன் முறை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவியது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு புள்ளி வரிசை வேண்டும்; வரிசைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் நீரலைக் கோலம் எழும். கோணங்களை 30 பாகை விலக்கி வைப்பதே இதற்குத் தீர்வாக நிலைபெற்றது. இந்தியாவில் இத்துறையை ஆழ்ந்து ஆராய்ந்தவர் கல்கத்தாவின் உபேந்திரகிஷோர் ராய்சௌதுரி. 1897 முதல் இங்கிலாந்தின் பென்ரோஸ் ஆண்டு மலரில் ஹாஃப்டோன் புள்ளியின் கோட்பாடு, விளிம்புவிளைவு, 60 பாகைத் திரை ஆகியவை குறித்துக் கட்டுரைகள் எழுதினார். குழந்தை இலக்கியத்துக்காக நினைவுகூரப்படும் அவர், வரிசைகளின் மோதலைக் கணக்கிட்ட தொழில்நுட்ப அறிஞரும் ஆவார்.

திருவிதாங்கூரின் ரவிவர்மா இவ்வரலாற்றில் மறுபக்கத்தில் நிற்கிறார். 1894-இல் பம்பாயில் தொடங்கிய அவரது அச்சகம் கல்லச்சு முறையில் வண்ணப்படங்களை வெளியிட்டது. அக்கற்களில் கைவினைஞர் இட்ட புள்ளிகள் ஒழுங்கற்றவை. ஒழுங்கற்ற புள்ளிகள் கேமராவின் ஒழுங்கோடு மோதிப் பட்டைகளை எழுப்புவதில்லை. இன்று கோயில் சார்ந்த கடைகளில் கிடைக்கும் ஆஃப்செட் மறுஅச்சுகளோ சீரான புள்ளித் திரை கொண்டவை. எனவே 'பழைய ரவிவர்மா படம்' என்று காட்டப்படும் ஒன்று வருடியில் நீரலைக் கோலத்தைத் தந்தால், உருப்பெருக்கியை எடுத்துப் புள்ளிகளைப் பார்க்க வேண்டிய நேரம் அது. அந்த இடத்தில் பொய்க்கோலமே மெய்ச்சாட்சியாகிறது.

1982-இல் இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது சிக்கல் வேறு உருக் கொண்டது. 625 கிடைவரிகள் கொண்ட பால் முறையில், நிறத் தகவல் ஏறத்தாழ 4.43 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒளித் தகவலோடு சேர்ந்தே பயணித்தது. நுண்ணிய கோடு போட்ட சட்டையின் ஒளி மாற்றம் அந்த அதிர்வெண்ணை நெருங்கினால், வாங்கி அதை நிறமெனப் பிழையாக வாசித்தது. கறுப்பு வெள்ளைக் கோடுகளில் வானவில் ஓடியது. திரையில் தோன்றுவோர் நுண்கோட்டு உடையைத் தவிர்க்க வேண்டும் என்ற படப்பிடிப்பு அறிவுரைக்கு இதுவும் ஒரு காரணம்.

டிஜிட்டல் கேமராவில் இரண்டாம் வரிசை, உணரியின் பிக்சல் வரிசையே. நைக்விஸ்ட் 1928-இலும் ஷானன் 1949-இலும் வகுத்த கோட்பாட்டின் சாரம் எளிது: ஒரு அலையைச் சரியாகப் பதிய, அலை ஒன்றுக்கு இரண்டுக்கு மேற்பட்ட மாதிரிகள் வேண்டும். குறைந்தால் அலை மறைவதில்லை. வேறொரு அகன்ற அலையாக வேடமிட்டு வரும். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்பு இதை இன்னும் நுட்பமாக்கியது. அதில் பாதிப் பிக்சல்கள் பச்சை. சிவப்பும் நீலமும் கால் பங்கு வீதம்.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். சென்டிமீட்டருக்கு 40 பாவு நூல் கொண்ட துணியை, 72 சென்டிமீட்டர் அகலம் சட்டகத்தை நிறைக்குமாறு 6000 பிக்சல் அகலமுள்ள கேமராவில் எடுப்பதாகக் கொள்வோம். சட்டகத்தில் 2880 நூல்கள் அமையும். எல்லாப் பிக்சல்களையும் சேர்த்தால் 3000 நூல் வரை பதியலாம். எனவே பச்சை தப்பிவிடும். சிவப்புக்கும் நீலத்துக்கும் அகலவாட்டில் 3000 மாதிரிகளே உள்ளன. 3000-இலிருந்து 2880-ஐக் கழித்தால் 120: துணியில் இல்லாத 120 பட்டைகள், ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர் அகலத்தில், நிறத்தோடு தோன்றும். வெண்துணி இளஞ்சிவப்பும் பச்சையுமாக மாறும் காரணம் இதுவே.

பழவங்காடிக்குத் தெற்கே, நாகர்கோவில் சாலையில் உள்ள பலராமபுரம் இத்தகைய நுண்துணிக்குப் பெயர் பெற்றது. பலராம வர்மா (1798–1810) காலத்தில் அவர் பெயரால் அமைந்த இக்குடியிருப்புக்குத் தென்தமிழ்ப் பகுதிகளிலிருந்து சாலிய நெசவாளர்கள் வரவழைக்கப்பட்டனர். குழித்தறியில் மெல்லிய பருத்தி நூலை நெருக்கமாக நெய்வது அவர்களது திறன். நெய்தல் எவ்வளவு நுண்மையோ, உணரி பிழைபட அவ்வளவு வாய்ப்பு.

இப்பிழையைத் தடுக்க, கேமரா செய்வோர் உணரிக்கு முன் இரட்டை ஒளிவிலகல் படிகத் தகடு ஒன்றை வைத்துப் பிம்பத்தைச் சற்றே மங்கச் செய்தனர். கூர்மையை விரும்பிய சந்தை அதை ஏற்கவில்லை. 2012-இல் நிக்கான் டி800இ மாதிரியில் தகட்டின் விளைவு நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டின் டி7100-இல் தகடே இல்லை. ஃபியூஜிஃபில்ம் 2012-இல் நிறப் பிக்சல்களின் ஒழுங்கை மாற்றிய உணரியைக் கொண்டுவந்தது. கூர்மைக்கும் உண்மைக்கும் இடையே ஒரு பேரம் நடந்தது. அதன் விலையை நுண்துணியும் அச்சுப்படமும் செலுத்துகின்றன.

இங்கேதான் ஆய்வுலகின் பொறுப்பு தொடங்குகிறது. அருங்காட்சியகத் துணியைத் தொடாமல் படத்திலிருந்தே நூல் எண்ணுவோர், பழைய இதழ்களின் ஹாஃப்டோன் படங்களை வருடுவோர், கோபுரத்தின் நெருக்கமான சிற்ப வரிசைகளைச் சுருக்கிய படத்தில் ஆய்வோர் என அனைவரும் இல்லாத ஒன்றை எண்ணிவிடக்கூடும். பிழை பதிந்த பின் மென்பொருள் அதை முழுமையாகப் பிரித்தெடுக்க இயலாது. மெய்யலையும் வேடமிட்ட அலையும் பதிவில் ஒரே வடிவம் கொண்டவை.

சோதனை எளியது. கேமராவைச் சில அங்குலம் முன்னோ பின்னோ நகர்த்தி, அல்லது சற்றே சாய்த்து, மீண்டும் எடுக்க வேண்டும். துணியில் உள்ள கோடு துணியோடு நிற்கும். பொய்க்கோலம் அகலமும் திசையும் மாறி அலையும். ஒரே பொருளின் இரு தொலைவுப் படங்களையும், அளவுகோலையும், சுருக்கப்படாத மூலக் கோப்பையும் ஆவணத்தோடு சேர்த்து வைப்பது சுவடிப் பதிப்பில் பாடபேதம் குறிப்பதற்கு ஒப்பானது. ஒரே ஒரு படி மட்டும் கிடைத்தால் பதிப்பாசிரியர் எவ்வளவு எச்சரிக்கையோடு வாசிப்பாரோ, ஒரே ஒரு படத்தையும் அவ்வாறே வாசிக்க வேண்டும்.