தட்டு தூக்கினவங்க

சங்கரன்கோவில்ல இருந்து ராஜபாளையம் போற ரோட்டுல வர்ற ஊர் கரிவலம்வந்தநல்லூர். எங்க பக்கம் சுருக்கமா கரிவலம். அப்ப திருநெல்வேலி மாவட்டம், 2019-ல இருந்து தென்காசி மாவட்டம். பால்வண்ணநாதர் கோயில் உள்ள ஊர். இங்கத்த சாமி மேல பாடின திருக்கருவை அந்தாதிகள் அதிவீரராம பாண்டியர் பேர்ல வழங்குது. (வரதுங்கராம பாண்டியர் பாடினதுன்னு சொல்றவங்களும் உண்டு. சண்டைக்கு நான் வரலை சாமி :-))

அதே அதிவீரராமர்தான் வெற்றிவேற்கை எழுதினவர். பிச்சை எடுத்தாவது படிச்சிருன்னு சொன்ன மனுசன். பள்ளிக்கூடத்துல அதை மனப்பாடமா ஒப்பிச்சுட்டு, மத்தியானம் பெல் அடிச்சதும் அலுமினியத் தட்டோட சத்துணவுக்கு ஓடுற பசங்களைப் பார்த்து சிரிச்ச கூட்டத்துல நானும் ஒருத்தன். எனக்கு வீட்டுல இருந்து தூக்குவாளி வந்துச்சு, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தத் தட்டுக்குப் பின்னால இருக்குற கதை ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சது.

1920-ல நீதிக்கட்சியின் சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவரா இருந்தப்ப, ஆயிரம் விளக்கு பள்ளியில பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க ஆரம்பிச்சாங்க. பிறகு சில பள்ளிகளுக்கும் போச்சு. 1925-ல, ஆரம்பக் கல்வி நிதியில இருந்து இதுக்குச் செலவு பண்ணக் கூடாதுன்னு வெள்ளைக்கார அரசு சொல்ல, நின்னு போச்சு. கொடுத்தவனே நிறுத்தினா கேட்க நாதி இல்லை. இதை ஞாபகம் வெச்சுக்கங்க.

1956-ல காமராசர் எட்டயபுரத்துல மதிய உணவைத் தொடங்கினார். அன்னிக்கு அதுவும் எங்க திருநெல்வேலி மாவட்டம்தான். அரசு கொஞ்சம், ஊர்க்காரங்க கொஞ்சம்னு போட்டு ஓடின திட்டம். கரிசக்காட்டுல பள்ளிக்கூடத்துக்குப் போட்டி தீப்பெட்டி ஆபீஸ். அங்க போனா கூலி, இங்க வந்தா சோறாவது வேணும்ல?

1982 ஜூலை 1-ல எம்.ஜி.ஆர். திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில சத்துணவைத் தொடங்கினார். முதல்ல கிராமங்கள், அதே செப்டம்பர்ல நகரங்கள், 1984-ல 15 வயசு வரைக்கும். இவ்வளவு பணத்துக்கு எங்க போறதுன்னு கேட்டவங்க அப்ப ஏராளம். 1989-ல கலைஞர் முட்டை சேர்த்தார். 2022 செப்டம்பர்ல மு.க.ஸ்டாலின் மதுரையில காலை உணவைத் தொடங்கி வைத்தார். கட்சி மாறினாலும் அடுப்பு அணையலை.

ஆனா இதெல்லாம் 'திட்டம்'. உரிமை இல்லை. அரசியல் சட்டத்தின் 47-வது பிரிவு, மக்களோட ஊட்டத்தை உயர்த்துறது அரசின் கடமைன்னு சொல்லுது. 37-வது பிரிவோ, இந்த நெறிகளைக் காட்டி கோர்ட்ல கேட்க முடியாதுங்குது. உணவு, கல்வி, சுகாதாரத்தை உரிமைன்னு சொல்ற 1966 ஐ.நா. உடன்படிக்கையில 1979-லயே இந்தியா சேர்ந்தாச்சு. காகிதத்துல குறை இல்லை.

2001-ல நாட்டுக் கிடங்குகள்ல 5 கோடி டன்னுக்கு மேல தானியம் குவிஞ்சு கிடந்துச்சு. ராஜஸ்தான்ல வறட்சி, பட்டினி. அந்த ஏப்ரல்ல பி.யூ.சி.எல். அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. அவங்க பிடிச்சது 21-வது பிரிவு, உயிர் வாழும் உரிமை. சோறில்லாம என்ன உயிர்? நவம்பர் 28-ல இடைக்கால உத்தரவு வந்துச்சு: அரசு, அரசு உதவி பெறும் ஆரம்பப் பள்ளிகள்ல ஒவ்வொரு பிள்ளைக்கும் சமைச்ச சாப்பாடு, குறைஞ்சது 300 கலோரி, வருசத்துக்கு 200 நாள். எங்க ஊர்ப் பிள்ளைகள் வருசக்கணக்கா சாப்பிட்டது அன்னிக்குத்தான் நாட்டுக்கே கட்டளை ஆச்சு. 2004-ல, சமையல் வேலைக்கு தலித்துகள், பழங்குடியினருக்கு முன்னுரிமை கொடுக்கணும்னும் கோர்ட் சொல்லுச்சு. யார் கையால சோறுங்கறதும் உரிமைப் பிரச்சினைதானே. 2013-ல உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு.

ஏழை நாட்டுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது, முதல்ல வளரட்டும், அப்புறம் உரிமை பேசலாம்னு இன்னிக்கும் சொல்றாங்க. எங்க பக்கம் நடந்தது தலைகீழ். சோறு முதல்ல வந்துச்சு. தட்டு தூக்கின வீட்டுப் பிள்ளைகள் படிச்சு, வாத்தியாராவும் நர்ஸாவும் ஆனாங்க.

பாண்டியரைக் குறை சொல்லலை. அவர் காலத்துல பசிச்சவனுக்குப் பிச்சைதான் வழி. பிச்சைக்கும் உரிமைக்கும் வித்தியாசம் சோத்துல இல்லை. நாளைக்குச் சோறு வரலைன்னா, ஏன்னு கேட்கலாமா கூடாதாங்கறதுலதான் இருக்கு.

அன்னிக்கு சிரிச்சதுக்கு இப்ப வெட்கமா இருக்கு. உங்க பள்ளிக்கூடத்துல தட்டு தூக்கினவங்க யார் யார்? அதுல நீங்களும் உண்டா? சொல்லுங்க.