கிலுகிலுப்பை: ஒரு பெயர் வரலாறு

குறிகட்டுவான் போன்ற வறண்ட கரையோரங்களில் தரையை அண்டிய மஞ்சட் பூவைக் கண்டதும் நெருஞ்சி என்றே நாம் எண்ணிவிடுகிறோம். நெருஞ்சிக்கு ஒத்த ஐந்து இதழ்கள். அவரைக் குடும்பத்துப் பூவிலோ மேலே ஒரு பேரிதழும், இருமருங்கும் சிறகிதழ்களும், கீழே ஓடம்போல் இணைந்த ஈரிதழ்களும் அமையும். அக்குடும்பத்துள் கிலுகிலுப்பையைத் துணிவதற்குக் காயே சான்று. முற்றிய காயினுள் விதைகள் கழன்று ஒலிக்கும். கிரேக்கரின் தாளக்கருவிப் பெயரடியாகப் பிறந்த குரொட்டலேரியா என்னும் சாதிப்பெயரும் அவ்வொலியையே குறித்தல் காண்க.

ஒல்லாந்தக் கும்பனியின் மருத்துவர் போல் ஏர்மன் 1672 முதல் 1677 வரை இலங்கையில் திரட்டிய உலர்செடிகளைக் கொண்டு, இலங்கையைக் காணாத லினேயசு 1747இல் இந்நாட்டுத் தாவரநூலை வெளியிட்டார். 1753இல் இச்சாதியின் ஓரினத்துக்கு, இலைநுனி உட்குழிந்திருத்தலால், ரெற்றூசா என்று பெயரிட்டார். இலைநுனி உலர்செடியிலும் தெரியும். ஒலியோ செடியருகே நின்றோர் செவிக்கு எட்டியது. புங்குடுதீவுக்கு ஒல்லாந்தர் இட்ட மிடில்பேர்க் என்னும் பெயர் வழக்கொழிந்தது, கிலுகிலுப்பை நிலைத்தது.

இனங்காணல் ஏட்டளவில் முடிவதன்று. யாழ்ப்பாணத்தார் பசுந்தாட் பசளைக்கு விதைக்கும் சணல் இச்சாதியே. ரெற்றூசாவோ குதிரையின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சுடையது. அவுத்திரேலியாவில் குதிரைகள் இதனால் மாண்டுள்ளன. சணலின் இலை கூர்நுனியது, காய் மென்மயிருடையது. ரெற்றூசாவின் காய் மயிரற்றது. குறிகட்டுவானிலிருந்து படகேறிச் செல்லும் நெடுந்தீவில் இன்றும் குதிரைகள் கட்டின்றி மேய்கின்றன.