எத்தனை என்று மட்டும் சொல்லுங்கள்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஏதாவது ஒரு குக்கிராமத்துக்குள் கேள்வித்தாளோடு நுழையும் மாணவி, "உங்க வீட்ல யாராவது ஆந்திராவுக்கு மரம் வெட்டப் போனாங்களா?" என்று கேட்டால், 'இல்லை' என்ற பதில்தான் வரும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரக் காவல்துறைத் தனிப்படை சுட்டதில் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் இறந்தார்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். அதன் பிறகு அந்த 'இல்லை'யைப் பொய் என்று குறித்துக்கொள்ள யாருக்கும் உரிமை கிடையாது.

ஆனாலும், எத்தனை வீடுகள் பிழைப்புக்காக அந்தக் காட்டுக்குப் போகின்றன என்று தெரிந்தால்தான் மலையில் என்ன வேலை வேண்டும், என்ன கூலி வேண்டும் என்று அடித்துப் பேச முடியும். ஆளைக் காட்டிக்கொடுக்காமல் கேட்பதற்கென்றே ஒரு முறை இருக்கிறது.

1965இல் ஸ்டான்லி வார்னர் என்பவர் ஒரு சுழல்முள்ளை யோசித்தார். பதில் சொல்பவர் அதைச் சுழற்றுவார். எதிரெதிரான இரண்டு வாக்கியங்களில் முள் எதைக் காட்டியது என்பது கேட்பவருக்குத் தெரியாது. ஆம், இல்லை என்ற ஒற்றைச் சொல்தான் காதில் விழும். கணக்கு சரியாகவே வரும். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து நீட்டும் முள்ளை யார் நம்புவார்கள்? 1979இல் இந்தியப் புள்ளியியலாளர் தாமராஜு ராகவராவும் வால்டர் ஃபெடரரும், தனித்தனிப் பதிலே வேண்டாம், பல கேள்விகளின் பதில்களைக் கூட்டிச் சொன்னால் போதும் என்று காட்டினார்கள். அந்தத் திசையில், களத்தில் எளிதாகக் கேட்கக்கூடிய வடிவம் 1984இல் வந்தது. அதைத் தந்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதிய ஜூடித் ட்ராய்ட்கோர் மில்லர் என்ற மாணவி. 1997இல் குக்ளின்ஸ்கி, காப், கிலென்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அமெரிக்கத் தென்மாநிலங்களில் வெளியே சொல்லாத இனவெறுப்பை அளக்க இதைக் கையாண்ட பிறகு, அரசியல் ஆய்வாளர்களிடம் பட்டியல் சோதனையாகப் பரவியது.

நம் மலைக்கு அது எப்படி இருக்கும்? கேள்வித்தாள்களை ஊருக்குக் கிளம்பும் முன்பே குலுக்கி அடுக்கிவிட வேண்டும். வாசலில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துத் தாளை எடுக்கக் கூடாது. பாதித் தாள்களில் நான்கு வேலைகள்: சாமை அறுத்தது, கடுக்காய் பொறுக்கியது, நூறு நாள் வேலை, கேரளாவுக்குக் கூலிக்குப் போனது. மறுபாதியில் ஐந்தாவதாக ஆந்திரக் காடு. "எதெதுன்னு சொல்ல வேணாம்மா, எத்தனைன்னு மட்டும் சொல்லுங்க." முதல் குழுவின் சராசரி 1.9, இரண்டாவது 2.1 என்று வைத்துக்கொண்டால், வித்தியாசம் 0.2. அதாவது நூற்றுக்கு 20 வீடுகள். அவை எந்த வீடுகள் என்று கேட்டவருக்கும் தெரியாது.

இதில் ஒரு பொறி உண்டு. ஒருவர் 'ஐந்தும்' என்று சொல்லிவிட்டால் மறைவு போச்சு. அதனால் நான்கில் ஒன்றாவது அநேகம் பேர் செய்யாத வேலையாக இருக்க வேண்டும். எல்லோரும் செய்வது ஒன்றும் வேண்டும், இல்லாவிட்டால் பூஜ்யம் குவியும். இன்னொரு சிக்கல் மலைக்கே உரியது. வெளியாள் வந்தால் அக்கம்பக்கம் கூடிவிடும். ஒரு பட்டியலைக் கேட்டவர் மற்றதையும் கேட்டுவிட்டால் சோதனை கெட்டுப்போகும். அருகில் யார் நின்றார்கள் என்பதையும் தாளிலேயே குறித்துவைக்க வேண்டும்.

அறிக்கை எழுதும்போது இரண்டு பட்டியலையும், கேட்ட பேச்சுத் தமிழிலேயே முழுசாக அச்சிட வேண்டும். எந்தக் குழுவில் எத்தனை பேர், பதில் சொல்ல மறுத்தவர்கள் எத்தனை பேர் என்பதும் வேண்டும். இந்த முறையில் ஊசலாட்டம் அதிகம். சில நூறு வீடுகளில் கிடைத்த 20 என்பது 8 ஆகவும் இருக்கலாம், 32 ஆகவும் இருக்கலாம். அந்த வீச்சை மறைத்து 20 என்று மட்டும் எழுதுவது மோசடி. ஊர்ப்பெயரை மட்டும் எழுதவே கூடாது. வீட்டைக் காட்டாத கணக்கு ஊரைக் காட்டிவிட்டால், விசாரணைக்கு ஜீப் அந்த ஊருக்குத்தான் வரும்.