வாலாஜாவின் பெயரும் ஆற்காட்டின் படிப்பினையும்

பாலாற்றங்கரையிலுள்ள வாலாஜாபாத், ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அப்பெயரை நாளும் வழங்கும் நாம், அவர் பட்டமெய்துமுன் அவ்வரசு கண்ட குழப்பத்தை நினைப்பதில்லை.

1740இல் நவாப் தோஸ்த் அலி மராட்டியரோடு பொருது வீழ்ந்தார். அவர் மகன் சப்தர் அலி 1742இல் வேலூரில் தம் மைத்துனரின் சூழ்ச்சியால் கொல்லப்பட்டார். சப்தர் அலியின் இளம் மைந்தரும் 1744இல் ஆற்காட்டில் கொலையுண்டார். பின்னர் வந்த அன்வருத்தீன் 1749இல் ஆம்பூர்ப் போரில் மாண்டார். பத்தாண்டுக்குள் நான்கு நவாபுகள். ஒருவருக்கேனும் இயற்கை மரணம் வாய்க்கவில்லை!

அடுத்த பட்டத்துக்குச் சந்தா சாகிபு பிரெஞ்சுக்காரரையும், அன்வருத்தீனின் மகன் முகம்மது அலி ஆங்கிலேயரையும் துணைக்கொண்டனர். முகம்மது அலி வென்றார். 1765இல் முகலாயப் பேரரசரிடமிருந்து 'வாலாஜா' என்னும் விருதும் பெற்றார். ஆயினும் படைச்செலவு கடனாயிற்று. கடனுக்கு நாட்டின் வரி வருவாய் ஈடாயிற்று. அவர் பெயர் பூண்ட இவ்வூரிலேயே கும்பினிப் படையின் பாளையம் அமைந்தது. 1795இல் அவர் மறைந்தார். 1801இல் ஓர் உடன்படிக்கையினால் ஆட்சி கும்பினியின் கைக்குப் போயிற்று. சந்ததியாருக்குப் பட்டமே எஞ்சிற்று.

கலந்தாலோசனையைக் கடமையாகப் போற்றும் சமுதாயத்தினர் நாம். அரச குடும்பமாயினும் ஆளுங்கட்சியாயினும், அடுத்த தலைவர் எவர் என்பதை முறையோடு தமக்குள் தீர்த்துக்கொள்ளாதோர், அத்தீர்ப்பை அயலாரிடம் ஒப்படைத்தவரே ஆவர். வாலாஜாபாத்தின் பெயர் நமக்கு இதனை நினைவூட்டுமாக!