பாயிரமும் இடைவெளியும்

'இத்தலைப்பில் இதுவரை யாரும் ஆய்வு செய்யவில்லை.' தமிழ் தீஸிஸ்களின் முன்னுரையில் அடிக்கடி எதிர்ப்படும் வாக்கியம். யாரும் செய்யாததற்கு, அது செய்யத் தகாதது என்பதும் காரணமாக இருக்கலாம். முன்னுரை அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. இந்த நியாயம் நம் மரபில் இருந்ததா?

நன்னூல் சிறப்புப் பாயிரத்துக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. மேலும் மூன்றைச் சேர்ப்பாரும் உண்டு என்கிறது. கேட்போர், பயன், காரணம் மூன்றும் அவற்றில் அடங்கும். 'முன்னோர் சொல்லாதது' என்பது இல்லை. மாறாக 'வழி' இருக்கிறது: நூல் எதன் வழி வந்தது என்று காட்ட வேண்டும். புதுமை அங்கே தகுதி அல்ல.

சி.வை. தாமோதரம் பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். அவர் பதிப்புரைகள் காட்டும் காரணம், ஏடுகள் கண்முன் உதிர்கின்றன என்பது. இன்று அச்சேறாவிட்டால் நாளை நூலே இராது. இதைவிட வலிய நியாயம் ஓர் ஆய்வுக்குத் தேவையில்லை.

பல்கலைக்கழகம் வந்ததும் கேட்போர் மாறினர். மு. வரதராசன் 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற ஆய்வு சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றியது, எழுதப்பட்டது ஆங்கிலத்தில். தமிழ்க் கவிதையைப் பற்றிய பேச்சு, தமிழ் மட்டும் அறிந்த வாசகனைத் தாண்டிப் போயிற்று. கைலாசபதி பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தாம்ஸனிடம் செய்த ஆய்வு 1968இல் நூலாயிற்று. அவரும் ஆங்கிலத்தில்தான் எழுதினார். ஆனால் சங்கப் பாடலைக் கிரேக்க வீரயுகப் பாடலோடு நிறுத்திப் பார்க்க அவருக்கு ஒரு கேள்வி இருந்தது. வெற்றிடம் மட்டும் அல்ல.

ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் ஆய்வு முன்னுரைகளின் நடையை மூன்று அசைவுகளாகப் பகுத்தார்: களத்தைக் காட்டு, அதில் இடைவெளியைக் காட்டு, அதில் போய் அமர். அவர் விவரித்தது வழக்கத்தை. நாம் அதை விதியாக்கிக்கொண்டோம். புறம்போக்கு நிலத்துக்குப் பட்டா கேட்கும் மனு போல முன்னுரை எழுதப்படுகிறது.

பட்டத்துக்கு வெளியே நின்றவர் நா. வானமாமலை. நெல்லை ஆய்வுக் குழுவிலும் 'ஆராய்ச்சி' இதழிலும் நாட்டார் பாடல்களும் கதைப்பாடல்களும் ஆய்வுப் பொருளாயின. பாடியவர்களின் வாழ்வை அறிவதே அங்கே பயன்.

சிமெண்ட் ஆலை கொண்ட ஆலங்குளத்திலிருந்தோ, தீப்பெட்டி ஆபீஸ் வேலையில் வளர்ந்த பக்கத்து ஊர்களிலிருந்தோ ஒரு மாணவர் பட்டாசுத் தொழிலாளர் பேச்சை ஆராய வரலாம். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உதவ ஓடிவந்தவர்களும் அவர்களில் உண்டு. மருந்து கலப்பவர் ஆபத்தை எந்தச் சொல்லால் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதே அந்த ஆய்வுக்குக் காரணம். முன்னுரையில் இது வராது. 'யாரும் ஆய்வு செய்யவில்லை' என்பது வரும். நன்னூலார் கேட்ட காரணம் ஆய்வாளர் வீட்டுத் திண்ணையிலேயே நிற்கும்.