கைபேசிக் கம்பெனிகளின் சேர்க்கையும் கட்டணத்தின் ஏற்றமும்

புதுக்கோட்டைச் சீமையின் கிராமத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் தொலைபேசியாக வாய்த்தது கைபேசியே. 1999-இல் தமிழகத்தில் சேவையைத் தொடங்கிய ஏர்செல், சிற்றூர் ஜனங்களின் அபிமானத்தைப் பெற்று, பின்னர் மலேசியாவின் மேக்ஸிஸ் ஸ்தாபனத்தின் வசமாகி, ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர முயன்று, அம்முயற்சியும் 2017-இல் முறிந்துபோக, 2018 பிப்ரவரியில் திவால் மனுவில் வந்து நின்றது. வங்கிக் கணக்கும் கேஸ் சிலிண்டர் பதிவும் பிணைந்திருந்த தங்கள் எண்ணைக் காப்பாற்றிக்கொண்டு வேறு கம்பெனிக்கு மாறுவதற்காக, 1900-க்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பக்கூட சிக்னலின்றி ஜனங்கள் தவித்தனர்.

அவ்வாண்டு ஆகஸ்டில் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. போட்டியிடுவோர் அருகிவிட்ட நிலையில், 2019 டிசம்பர், 2021 நவம்பர், 2024 ஜூலை என அடுத்தடுத்துக் கட்டணங்கள் ஏறின. முன்பணம் கட்டியவரை அத்தவணை முடியும்வரை உயர்வு தீண்டுவதில்லை. ஆயினும், ஓராண்டுக்கு மொத்தமாகக் கட்ட வல்லவருக்கு ஓராண்டு நிம்மதி, 28 நாள் ரீசார்ஜை நம்பி வாழும் விவசாயக் கூலிக்கோ 28 நாள் நிம்மதி என்பது தர்மத்துக்கு ஒவ்வாத பேதமாகும். 2024-இல் எஞ்சியிருந்த தனியார் கம்பெனிகள் மூன்றும் விலையேற்றியபோது ஏற்றாது நின்ற அரசுக் கம்பெனியான பிஎஸ்என்எல், பலத்துடன் நிலைத்திருப்பது ஏழை ஜனங்களின் க்ஷேமத்துக்கு அவசியம்.