ஓராண்டு வரமும் ஆறு மாத வில்லையும்: கொல்கத்தாவிலிருந்து ஹார்மோன் பெல்லட் குறித்து

தாகூரின் ‘சித்ராங்கதா’ நாடகத்தில் (1892) மணிப்பூர் இளவரசி மதனனிடம் கேட்டுப் பெறும் அழகுக்கு ஓராண்டுதான் கெடு. ஆண்பிள்ளையாக வளர்க்கப்பட்டவள் அவள். அர்ஜுனனுக்காக உருவத்தை மாற்றிக்கொள்கிறாள். கெடு முடியும்போது தன் பழைய உருவத்தோடு அவன் முன் நிற்கிறாள். வங்க இயக்குநர் ரிதுபர்ணோ கோஷ் 2012இல் இக்கதையைத் தம் படத்துக்குள் கொண்டுவந்தபோது, வரத்தின் இடத்தை அறுவை சிகிச்சை எடுத்துக்கொண்டது. அந்தப் படத்தில் என்னைப் பிடித்து நிறுத்துவது உருமாற்றத்தைவிட அதற்கு விதிக்கப்படும் கெடுதான். உடல் மாற்றம் எத்தனை நாளுக்கு, கெடு முடிந்தபின் யாரிடம் திரும்பிப் போவது என்ற கேள்வி, திருநர் மருத்துவத்தில் ஹார்மோன் பெல்லட் எனப்படும் தோலடி வில்லையைத் தொடும்போது மிகக் கூர்மையாக எழுகிறது.

வங்காளத்தில் திருநரை ‘ரூபாந்தர்காமி’ என்பார்கள். உருமாற்றத்தை விரும்புபவர் என்பது பொருள். தமிழ் ‘திரு’ என்ற மதிப்பைச் சொல்லின் முன்னால் வைத்தது. வங்கச் சொல் விருப்பத்தையே பெயராக்கியது. மருத்துவர் முன் உட்காரும் ஒருவருக்கு இரண்டுமே தேவை. ஆனால் விருப்பத்தை மட்டும் கேட்டுச் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, அதன் பிறகான ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்காத அமைப்பையே கொல்கத்தாவும் நாட்டின் பல நகரங்களும் வைத்திருக்கின்றன என்பது என் வாதம். எனவே பெல்லட் நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன், அதைத் தாங்கும் அமைப்பு இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

பெல்லட் புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1937இல் இங்கிலாந்தில் டீன்ஸ்லியும் பார்க்ஸும் ஹார்மோன் வில்லைகளை விலங்குகளின் தோலுக்கடியில் வைத்துப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டே லண்டன் மருத்துவர் பிஷப் எஸ்ட்ரடையால் வில்லையை மனித உடலில் வைத்தார். அமெரிக்காவில் 75 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் பெல்லட்டுக்கு 1972இல் அனுமதி கிடைத்தது. அது அரிசி மணியைவிடச் சற்றுப் பெரியது. மரப்பூசி போட்டு, இடுப்பு அல்லது பிட்டப் பகுதியில் சிறிதாகக் கீறி, குழல் போன்ற கருவியால் கொழுப்புக்குள் செலுத்துவார்கள். வில்லை மெல்லக் கரைந்து மூன்று முதல் ஆறு மாதம் வரை ஹார்மோனைக் கசியவிடும். எதையும் வெளியே எடுக்க வேண்டியதில்லை. சிலருக்கு வில்லை தானாக வெளியே வந்துவிடுவதுண்டு. சிலருக்குக் கீறிய இடத்தில் சீழ் பிடிப்பதுண்டு.

இந்தியாவில் வழக்கில் இருப்பவை வேறு. திருநம்பிகளுக்கு சஸ்டனான் போன்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசிகளோ, பன்னிரண்டு வாரம் நிற்கும் அண்டெகனோயேட் ஊசியோ. திருநங்கைகளுக்கு எஸ்ட்ரடையால் வேலரேட் மாத்திரையும் ஆண் ஹார்மோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோனும். இவற்றுக்கும் வெளியே, மருந்துச்சீட்டே இல்லாத ஒரு பெரிய உலகம் இருக்கிறது. திருநங்கையரின் குரு–சேலா (குரு–சீடர்) வட்டங்களில் மாலா-டி போன்ற கருத்தடை மாத்திரைகள்தான் பல காலம் முதல் ஹார்மோனாக இருந்தன. அவற்றில் இருப்பது எத்தினில் எஸ்ட்ரடையால். ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் 1989இல் வெளியிட்ட ஆய்வு, அதை ஆண் ஹார்மோனைத் தடுக்கும் சைப்ரோடெரோனோடு எடுத்த திருநங்கைகளிடம் நாளங்களில் இரத்தம் கட்டுவது எதிர்பார்த்ததைவிட 45 மடங்கு கூடியதைக் காட்டியது. பெல்லட்டில் இருப்பதோ உடலே சுரக்கும் எஸ்ட்ரடையால். கல்லீரலை முதலில் கடக்காமல் நேராக இரத்தத்தில் கலக்கிறது. இந்த ஒப்பீட்டில் பெல்லட்டை ஆடம்பரம் என்று ஒதுக்குவது நியாயமில்லை.

இன்னொரு நியாயமும் உண்டு. பாட நூல்கள் அதைச் சொல்வதில்லை. கூட்டுக் குடும்பத்தில் மாத்திரை அட்டையை எங்கே ஒளிப்பது? அலமாரி பொது, படுக்கை பொது. அம்மா துணி மடிக்கும்போது தலையணை உறைக்குள் கை போகும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கம்பவுண்டரிடம் ஊசி போட்டுக்கொள்ளும் திருநம்பியைத் தெருவே கவனிக்கும். ஊசி போட்ட முதல் நாட்களில் அளவு உச்சத்துக்கு ஏறி, அடுத்த ஊசிக்கு முன் தரைதட்டுவதால் வரும் மனச் சலனமும் சேர்ந்துகொள்ளும். ஆறு மாதம் வரை யாருக்கும் தெரியாமல் சீராக வேலை செய்யும் வில்லை இவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே உயிரைக் காக்கக்கூடியது. அந்தரங்கம் ஒரு மருத்துவக் காரணமே.

ஆனாலும் தொடக்கத்திலேயே பெல்லட் வைப்பதை நான் ஏற்கவில்லை. காரணம் எளிது. மாத்திரையை இன்றிரவே நிறுத்தலாம். கரையும் வில்லையை வெளியே எடுப்பது மிகக் கடினம். உட்சுரப்பியல் சங்கத்தின் 2017 வழிகாட்டி முதலாண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை வேண்டும் என்கிறது. திருநம்பியின் இரத்தம் தடித்துப் போகிறதா, திருநங்கையின் எஸ்ட்ரடையால் மில்லிலிட்டருக்கு 100 முதல் 200 பிக்கோகிராமுக்குள் நிற்கிறதா என்பதெல்லாம் அளந்துதான் தெரியும். தன் உடல் எந்த அளவுக்கு எப்படிப் பதில் சொல்கிறது என்பதே தெரியாத முதல் மாதங்களில், திரும்பப் பெற முடியாத அளவை உள்ளே வைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது. எஸ்ட்ரடையால் வில்லையில் இன்னொரு சிக்கல் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதைப் பயன்படுத்திய பிரிட்டிஷ் மருத்துவர்கள் 1990 வாக்கில் இந்தச் சிக்கலை விரிவாகப் பதிவு செய்தார்கள். இரத்தத்தில் அளவு மிக உயர்ந்திருக்கும்போதே, மருந்து தீர்ந்துவிட்டது போன்ற உணர்வோடு சிலர் அடுத்த வில்லைக்காக முன்கூட்டியே வந்தார்கள். சோதிக்காமல் உணர்வை மட்டும் நம்பி வில்லைமேல் வில்லை வைத்தால் அளவு ஏறிக்கொண்டே போகும்.

அளவீடு இல்லாத இடத்தை வதந்தி எப்படி நிரப்பும் என்பதற்கு ரிதுபர்ணோவின் மரணமே சான்று. அவர் 2013 மே 30 அன்று மாரடைப்பால் இறந்தார். சர்க்கரை நோயும் கணைய அழற்சியும் அவருக்கு இருந்தன. ஆயினும் ஹார்மோன்தான் அவரைக் கொன்றது என்ற பேச்சு பரவியது. அளவீட்டுப் பதிவு எதுவும் பொதுவில் இல்லாத இடத்தில் வதந்தியே நோயறிதலாகிவிடுகிறது. அந்த வதந்தி அடுத்த தலைமுறையை மருத்துவரிடமிருந்து விரட்டி மருந்துக்கடைக்கு அனுப்புகிறது.

சட்டத்தில் குறை சொல்ல இடமில்லை. 2014 ஏப்ரல் 15இல் திருநரின் பாலின அடையாளத்தை அங்கீகரித்த உச்ச நீதிமன்றத்தின் நால்சா தீர்ப்பு வந்தது. 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு ஹார்மோன் சிகிச்சையையும் அதற்கு முன்னும் பின்னுமான ஆலோசனையையும் அரசின் கடமையாக்கியது. 2022 ஆகஸ்டில் ஒன்றிய அரசு ஆயுஷ்மான் திட்டத்தில் திருநருக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் காப்பீடு அறிவித்தது. ஆனால் மேற்கு வங்கம் 2019 ஜனவரியிலேயே அத்திட்டத்திலிருந்து விலகி, தன் சொந்தக் காப்பீட்டுத் திட்டமான ‘ஸ்வாஸ்த்ய சாத்தி’யோடு நின்றுவிட்டிருந்தது. தெற்காசியாவின் முதல் வானவில் நடைப்பயணம் 1999 ஜூலை 2இல் நடந்த நகரம் கொல்கத்தா. திருநங்கை மானபி பந்தோபாத்யாய் 2015இல் கல்லூரி முதல்வரானது இதே மாநிலத்தில்தான். இவ்வளவு முன்னோடியான மண்ணில் ஒருவர் ஹார்மோன் தொடங்கினால் அதைத் தொடர்ந்து கவனிக்கும் நிலையான அரசுப் பிரிவு கட்டாயம் இருந்திருக்க வேண்டும்.

தொடர்ச்சி எவ்வளவு எளிதில் அறுபடும் என்பதற்கு அண்மைச் சான்று உண்டு. ஹைதராபாத்தில் 2021இல் தொடங்கி, கல்யாணிலும் புனேயிலும் கிளை கண்ட, திருநருக்கான ‘மித்ர்’ மருத்துவமனைகள், அமெரிக்க நிதி நின்றதும் 2025 ஜனவரியில் மூடப்பட்டன. இங்கே ஒருவர் என்னை மறுக்கலாம்: பெல்லட் வைத்திருந்தவருக்கு அந்த மூடலிலும், 2020 ஊரடங்கிலும், அதன் நடுவே கொல்கத்தாவைப் புரட்டிப்போட்ட அம்பன் புயலிலும் சில மாதம் மூச்சுவிட நேரம் கிடைத்திருக்குமே? கிடைத்திருக்கும். அந்த மறுப்பின் வலிமையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மாதங்களில் இரத்தத்தைச் சோதிக்கவும் ஆளில்லை. வில்லை கரைந்து தீர்ந்த அன்று அவர் நிற்பது அதே பூட்டிய கதவின் முன்தான்.

நம் பெண்கள் இயக்கத்துக்கு இந்த அனுபவம் பழையது. 1986இல் ஸ்த்ரீ சக்தி சங்கடனா, சஹேலி போன்ற அமைப்புகள் நெட்-என் கருத்தடை ஊசிச் சோதனையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றன. ஒருமுறை உடலுக்குள் போனால் பெண்ணால் நிறுத்த முடியாத மருந்து, பின்கவனிப்பே இல்லாத ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆபத்தானது என்பது அவர்கள் முன்வைத்த கவலைகளுள் ஒன்று. அங்கே அரசு கட்டுப்படுத்த விரும்பிய உடல். இங்கே தானே கேட்டு வரும் உடல். இந்த வேறுபாட்டை மறந்து திருநரின் விருப்பத்தைத் தடுக்க அந்த வாதத்தை எடுப்பது தவறு. பின்கவனிப்பைக் கேட்டுப் பெற எடுப்பது சரி.

ஆகவே வரிசை இதுதான்: நிறுத்தக்கூடிய மருந்தோடு ஓராண்டு, அளந்து அறிந்த உடல், பிறகு விரும்புபவருக்கு வில்லை. கொல்கத்தாவின் ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியும் வாரம் ஒருநாள் திருநருக்கான புறநோயாளர் பிரிவையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இலவச இரத்தப் பரிசோதனையையும், நிதி தீர்ந்தாலும் ஆள் மாறினாலும் தொலையாத நோயாளிப் பதிவேட்டையும் முதலில் தரட்டும்.